தார்ப் பொம்மையும் எங்கள் ஆங்கில மாஸ்ரரும்

எங்கள் ஆங்கில மாஸ்ரர் காலமான செய்தி ரொறன்ரோவை எட்டிய சில நாள்களில், கல்லூரியின் ஆண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் எழுதியிருந்தார். மாஸ்ரரைப் பற்றி நான் எழுதுவதானால் முயல் கதையைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில், வேப்பமரத்தடியில் அவர் சொன்ன கதை அது. முயலைப் பிடிக்க நரி தாரினால் பொம்மை செய்து வழியோரம் வைக்கிறது. வணக்கம் சொல்லியும் பதில் பேசாத பொம்மையை முயல் கோபத்தோடு குத்த, கை ஒட்டிக்கொள்கிறது. பிறகு மற்றக் கை, கால்கள், கடைசியில் தலை. முடிவில் முயல் தன் அறிவினால் நரியிடமிருந்து தப்பிவிடும். ஒவ்வோர் உறுப்பாக அகப்படுவதை மாஸ்ரர் நடித்துக்காட்ட, வகுப்பே சிரித்து அதிர்ந்தது. திங்கட்கிழமை தேவாரம் முடிவதற்குள், வகுப்பில் எல்லோரிலும் கறுப்பான எனக்குத் 'தார்ப் பொம்மை' என்று பெயர் விழுந்துவிட்டது. குழாயடியில் ஒருவன் என் தோளைத் தொட்டு, கை ஒட்டிக்கொண்டதாக அலறி நடித்தான். அவன் நடித்தது மாஸ்ரரின் நடிப்பையே.

அதை விறாந்தையில் நின்று கண்ட மாஸ்ரர் பிரம்பை எடுக்கவில்லை. அடுத்த பாடத்தில் கதையின் பிறப்பைச் சொன்னார். 1880இல் இதை நூலாக்கிய ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்னும் வெள்ளையர், ஜோர்ஜியாவின் தோட்டமொன்றில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களிடம் சிறுவயதில் கேட்ட கதைகள் இவை என்றார். மேற்கு ஆபிரிக்காவில் அனான்சி என்னும் சிலந்தி இவ்வாறே பசைப் பொம்மையில் அகப்படுவதையும், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் சாதகக் கதைகளில் 55ஆவதான ஐந்தாயுத இளவரசன் கதையில் ஒட்டும் மயிருள்ள அரக்கனிடம் இளவரசன் சிக்குவதையும் சொல்லி, பலமில்லாதவன் அறிவினால் தப்பும் கதையை வைத்து ஒரு பிள்ளையின் தோலைப் பழிப்பவன், அதைச் சொன்ன அடிமைகளையும் சேர்த்தே பழிக்கிறான் என்றார். பிறகு எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பார்த்து, "இந்தக் கதையை நான் இனிச் சொல்லலாமோ, தம்பி?" என்று கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. அதன்பின் எங்கள் வகுப்பில் அவர் அதைச் சொன்னதேயில்லை.

'தொட்டால் விடாத சிக்கல்' என்ற பொருளில் அரசியல்வாதிகளின் வாயில் 'தார்ப் பொம்மை' (tar baby) என்னும் இந்தத் தொடர் புழங்கியதைப் புலம்பெயர்ந்த பிறகே அறிந்தேன். 2006இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் மிட் ரொம்னி, பொஸ்ரன் சுரங்கப்பாதைத் திட்டத்தை அப்படிக் குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். 2011இல் கொலராடோவின் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் டக் லாம்போர்ன், ஜனாதிபதி ஒபாமாவைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லி, அவரும் மன்னிப்புக் கேட்டார். நாங்கள் வாழும் கனடாவில், 2009இல் கொன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர் பியேர் பொலியெவ் கரியமில வரி பற்றிய வாதத்தில் நாடாளுமன்றத்திலேயே அதைப் பயன்படுத்தினார். லிபரல் கட்சியினர் மீளப்பெறக் கோரியபோது, அது வழக்கிலுள்ள சொல்தான் என்று மறுத்துவிட்டார்.

ரொம்னி சிக்கலைத்தான் நினைத்தார் என்று நான் நம்புகிறேன். ஆயினும், கறுப்பினப் பிள்ளைகளைப் பல தலைமுறைகளாக வசைபாடப் பயன்பட்ட தொடர் அது. அகராதியில் வேறு பொருளும் உண்டு என்பது, அந்த வசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு என்ன ஆறுதல்? முதலாவது கறுப்பின ஜனாதிபதியைப் பற்றிய பேச்சில் அது வந்தால், கேட்பவர் முயலையா நினைப்பார்? குழாயடியில் நின்ற எனக்கு முயல் நினைவுக்கு வரவில்லை.

அதேவேளை, இந்தத் தொடரோடு கதையும் புதைந்துபோவது எனக்குத் துயரமாயிருக்கிறது. அடிமைப்பட்ட மக்கள் தங்கள் அறிவை ஒளித்து வைத்திருந்த இடம் அது.

இதையெல்லாம் பேசுவதற்கு மாஸ்ரரைவிடத் தகுந்தவர் எனக்கு இல்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பின் நான் இலங்கையிலிருந்து புறப்பட்டுவிட்டேன். அவர் யுத்தம் முழுவதும் அங்கேயே இருந்து கற்பித்தார். ஊரில் இருந்திருந்தால் ஒரு மாலையில் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து பதில் சொல்லியிருப்பேன். சொல்லுங்கோ சேர், ஆனால் அது ஆருடைய கதை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கோ.