கொலம்பஸுக்கு அனுப்பிய பூங்கொத்து

மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸ் என்னும் சிற்றூரில் எங்களைச் சொந்தப் பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி மறைந்துவிட்டார் என்றறிந்து, அவ்வூர்ப் பூக்கடைக்குத் தொலைபேசியில் சொல்லி வெள்ளை லில்லிக் கொத்து ஒன்றை அனுப்பினேன். மேக்னோலியா இலைகளும் சேர்த்துக் கட்டி, தாமே துக்க வீட்டில் சேர்ப்பதாகக் கடைக்கார அம்மா சொன்னார். 1866 ஏப்ரல் 25 அன்று அவ்வூர்ப் பெண்கள், உள்நாட்டுப் போரில் மாண்ட தம் தரப்பு வீரர்களுக்கு மட்டுமன்றி எதிர்த்தரப்பினரின் கல்லறைகளுக்கும் மலர் சூட்டியதை எனக்குச் சொன்னவர் பாட்டிதான்; அவர்களையும் ஒரு தாய்தானே பெற்றாள் என்பார். அதே ஃப்ரெண்ட்ஷிப் கல்லறைத் தோட்டத்தில் நாளை அவரை அடக்கம் செய்கிறார்கள். அட்டையில் அவர் என்னை அழைத்த செல்லப்பெயரை மட்டும் எழுதச் சொன்னேன்.