செயினில் ஒட்டும் மணல்

கடலோரத்துச் சைக்கிளைத் தின்பது துரு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மட்டக்களப்பின் கடலோரக் கல்லடியில் குடியிருக்கும் நான் மணலைத்தான் முதலில் குற்றம் சொல்வேன். உப்புக்காற்று மெல்ல அரிக்கும். எண்ணெயில் ஒட்டிய மணலோ மிதிக்க மிதிக்கச் செயினை உள்ளிருந்தே அராவிவிடும். கிறீச்சிட்டதும் நாம் செய்வது என்ன? அழுக்கின் மேலேயே இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுகிறோம்.

எங்கள் வீட்டில் இருப்பது பெரியப்பா ஓட்டிய றலி சைக்கிள். 2022இல் பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்றபோது கொட்டிலிலிருந்து வெளியே வந்தது, பிறகு உள்ளே போகவேயில்லை. மாரி முடிந்ததும் அதற்கு ஒரு நாள் ஒதுக்குவேன்.

செயினைக் கழற்றாமல் துடைப்பது வீண் வேலை. இணைப்புக் கிளிப்பைக் குறட்டால் தள்ளிக் கழற்றி, பால்மா டின்னில் மண்ணெண்ணெய் விட்டு ஊறப் போடுகிறேன். பழைய பல் துலக்கியால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்து எண்ணெயை வடித்தால், டின்னின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு தங்கியிருக்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள், நறநறக்கும். அது நிற்கும்வரை மண்ணெண்ணெயை மாற்ற வேண்டும்.

பின் சக்கரத்துப் பற்களுக்கு இடையில் உறைந்த கிறீஸை ஈர்க்கால் சுரண்டி, பழைய சாரத் துணியால் துடைத்தால் போதும். அச்சுப் பக்கம் மண்ணெண்ணெய் போனால் உள்ளே குண்டுகளில் இருக்கும் நல்ல கிறீஸும் கரைந்துவிடும். டயரிலும் படக்கூடாது, ரப்பர் ஊதும். சலவைத்தூள் கரைத்து வாளியோடு ஊற்றலாமே என்கிறான் பக்கத்து வீட்டுத் தம்பி. அவனுடைய சைக்கிளின் சத்தம் சந்தியிலேயே கேட்கும்.

காய்ந்த செயினை இழுத்துப் பிடித்து அடிமட்டத்தால் அளந்துவிடுவது நல்லது. 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் அதைக் கழுவிப் பயனில்லை, புதிதுதான் வாங்க வேண்டும். மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த பக்கம் முன்னே இருந்தால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடலாம்.

தையல் மெஷின் எண்ணெய் கண்ணிக்கு ஒரு சொட்டு. மழையில் சீக்கிரம் கழுவுண்டு போகும்தான், ஆனாலும் சமையல் எண்ணெய் போல நாளடைவில் பிசினாகாது. சிறிது நேரம் பெடலைச் சுற்றிவிட்டு வெளிப்புறத்தை ஈரமில்லாமல் துடைத்துவிடுவேன்.

அழுக்கு மண்ணெண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள். மணல் தரை, அப்படியே கிணற்றுக்குள் இறங்கும். போத்தலில் தெளியவிட்டு மேலே உள்ளதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன். அடி மண்டி மரத்தூளில் ஊறிக் குப்பைக்குப் போகிறது.