வாசல்களைச் சாத்துதல்: 28 நாள் குறிப்பு

ஜனவரி 6, திங்கள்

போன் நம் கவனத்தைப் பறிக்கும் வாசல்களை 28 நாளில் ஒவ்வொன்றாகச் சாத்தும் முயற்சி இது. இன்று எதையும் மாற்ற வேண்டாம், எண்ணினால் போதும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’. போன் பயன்பாட்டைக் கணக்கிடும் இரண்டும் 2018-இல் வந்தவை. திறந்ததும் எல்லோர் கண்ணும் போவது மொத்த மணிக்கணக்கின் மேல். அதைவிட, போனை எத்தனை தடவை கையில் எடுத்தோம் என்ற எண்தான் உதவும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பதும், அதே மூன்று மணி நேரத்தை இரண்டிரண்டு நிமிடமாக 90 தடவை கொறிப்பதும் ஒன்றில்லை. பின்னதில் செய்துகொண்டிருந்த வேலை 90 தடவை அறுந்து போகிறது.

போனின் முதுகில் ஒரு துண்டுத் தாளை ஒட்டிக்கொள்ளவும். போன் கூப்பிட்டு எடுத்தால் ‘கூ’, கை தானாகப் போனால் ‘த’. ‘கூ’ அதிகம் என்றால் நாளைய வேலை கனமானது. ‘த’ அதிகம் என்றால் 19-ஆம் தேதி வேலை.

ஜனவரி 7, செவ்வாய்

நோட்டிஃபிகேஷன். ஒரே கேள்விதான்: அந்தப் பக்கம் ஒரு மனிதர் இப்போதே பதிலுக்குக் காத்திருக்கிறாரா? ஆம் என்றால் சத்தம் இருக்கட்டும். அழைப்பு, அலாரம், வங்கிக் குறுஞ்செய்தி ஆகியவையும் இருக்கட்டும். மீதி எல்லாம் நிறுத்தம்.

பலரும் தவறுவது இங்கேதான். எரிச்சலில் ஆப்பின் அறிவிப்பை மொத்தமாக அணைப்பார்கள். நான்காம் நாள் முக்கியமான ஒன்று தவறிப்போகும், உடனே எல்லாவற்றையும் திரும்பத் திறந்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டில் 2017 முதல், அதாவது எட்டாம் பதிப்பிலிருந்து, ஒரே ஆப்பின் அறிவிப்புகளை வகைவகையாகப் பிரித்து அணைக்கலாம். வந்த அறிவிப்பை விரலால் அழுத்திப் பிடித்து, பல்சக்கரக் குறியைத் தொட்டால் வகைகள் வரிசையாக வரும் (ஆப் செய்தவர் பிரித்து வைத்திருந்தால்). ‘பொருள் வந்து சேரும் நேரம்’ இருக்கட்டும், ‘சலுகைகள்’ போகட்டும். ஐபோனில் இந்த வசதியை அந்தந்த ஆப்பின் உள்ளே தேட வேண்டும், சிலவற்றில் இருக்காது.

ஐகானின் தலையில் உட்காரும் சிவப்பு எண்ணையும் மறக்காமல் அணைக்கவும். சத்தத்தை நிறுத்திவிட்டு அதை மட்டும் விட்டுவைத்தால், கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்த கதைதான்.

ஜனவரி 9, வியாழன்

வாட்ஸ்அப் குழுக்கள். ‘மியூட்’ போதாது. சத்தம் நிற்கும், ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் குழு பட்டியலின் உச்சிக்கு ஏறி வந்து நிற்கும். ஆர்க்கைவ் செய்துவிட்டு (பட்டியலிலிருந்து தனியே ஒதுக்கிவிட்டு), சாட் செட்டிங்ஸில் ‘ஆர்க்கைவிலேயே வை’ என்பதும் ‘ஆன்’ ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அணைந்திருந்தால் அடுத்த செய்தியோடு குழு வெளியே வந்துவிடும். நம் பெயரைக் குறிப்பிட்டாலோ நம் செய்திக்குப் பதில் போட்டாலோ மட்டும் அறிவிப்பு வரும், அது போதும். குழுவைவிட்டு விலகினால் வரும் மனவருத்தமும் இதில் இல்லை.

படம், வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்தவும். நீல டிக்கை அணைப்பதால் தனி உரையாடலில்தான் பலன், குழுவில் யார் படித்தார்கள் என்பது எப்படியும் தெரியும்.

ஜனவரி 14, செவ்வாய்

இன்று தலைக்குள் ஓடும் சத்தம். முடிக்காத வேலை மனதைக் குடையும், அதை முடித்தால்தான் நிம்மதி என்பார்கள். உளவியலாளர்கள் மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரின் 2011 ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக முடிவெடுத்தாலே குடைச்சல் குறைகிறது. ஆகவே ‘காப்பீடு’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிப் பயனில்லை. ‘செவ்வாய் காலை 10: இழுப்பறையிலிருந்து காப்பீட்டுத் தாளை எடு, முடியும் தேதியைப் பார்’ என்று எழுதினால் வேலை நகரும்.

சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரே நோட்டு. ஒரு நாளைக்கு மூன்று வரி. நான்காவது தோன்றினால் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். இதற்கென்று ஒரு ஆப் தேடுவது கள்ளனையே காவலுக்கு வைப்பது போல.

ஜனவரி 19, ஞாயிறு

போன் படுக்கையறையைவிட்டு வெளியேறும் நாள். அலாரம் கடிகாரம் இல்லாமல் இது நடக்காது, ஏனென்றால் போனைத் தலைமாட்டில் வைக்க எல்லோரும் சொல்லும் காரணம் அலாரம்தான்.

முள் கடிகாரமாக இருந்தால் மூன்று விஷயம். டிக் டிக் என்று துள்ளாமல் நொடிமுள் வழுக்கி ஓடும் வகையாக வாங்கவும், அமைதியான அறையில் டிக் சத்தம் பெரிதாகக் கேட்கும். அலாரம் முள் சில நிமிடம் முன்பின் இருக்கும், முதல் நாளே சோதித்துக்கொள்ளவும். அடுத்து, முகப்பில் 12 மணி நேரம்தான், அதற்குக் காலை மாலை தெரியாது. 5:30-க்கு வைத்துவிட்டு மாலை ஐந்துக்கே பொத்தானைப் போட்டால் அரை மணியில் அலறும். படுக்கும்போது போட்டால் சரி.

சார்ஜரைக் கூடத்தில் ஒரே இடத்தில் நிலையாக வைக்கவும். இரவில் அவசரம் என்றால்? ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டு, வேண்டியவர்களின் அழைப்பை மட்டும் அனுமதித்து, ஒலியைக் கூட்டி, அறைக் கதவைத் திறந்து வைக்கவும். ஒரே எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப வரும் அழைப்பையும் அனுமதிக்கலாம்: ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் இரண்டாம் அழைப்பு வந்தால் மணி அடிக்கும். வீட்டாரிடம் இதைச் சொல்லி வைக்கவும், தெரியாவிட்டால் ஒரு தடவை அடித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

திரையின் கவர்ச்சி குறைய அதைக் கறுப்பு வெள்ளையாக்குவது. சிலருக்கு உதவும். வரைபடம், புகைப்படம் பார்க்கும்போது கடுப்பாகும், அதனாலேயே சிலர் கைவிடுகிறார்கள். ஐபோனில் பக்கப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் நிறம் வந்து போகும்படி வைக்கலாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மறுபடி துண்டுத் தாள், மறுபடி ‘கூ’, ‘த’ கணக்கு. ‘கூ’ குறைந்து ‘த’ அப்படியே இருந்தால் வியப்பில்லை. வெளிச் சத்தத்தை ஒரே நாளில் அணைக்கலாம், கைப்பழக்கத்துக்கு நாளாகும். ‘த’ எங்கே விழுகிறது என்று பார்க்கவும். பெரும்பாலும் ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடுக்கில் விழும். அந்த இடுக்கில் நோட்டின் அடுத்த வரியைப் படிக்கவும்.

மாதத்தின் முதல் ஞாயிறு பத்து நிமிடம் நோட்டிஃபிகேஷன் பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்க்க வேண்டும். அப்டேட்டோடு ஆப் புதிய அறிவிப்பு வகையைச் சேர்த்தால், அது பெரும்பாலும் வரும்போதே ‘ஆன்’ ஆகத்தான் வரும்.