நீலச் சட்டைத் தம்பி

நான்கு ஆண்டுகளுக்கு முன் தாம்பரத்துக்கு அருகே, ஜி.எஸ்.டி. சாலையில் பைக்கிலிருந்து விழுந்து கிடந்த ஒருவரைச் சுற்றி நின்ற இருபது பேரில் நானும் ஒருவன். யாராவது 108-க்குச் சொல்லியிருப்பார்கள் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டதால், சில நிமிடங்கள் வரை ஒருவரும் சொல்லவில்லை. பூ விற்கும் அம்மாள் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “நீலச் சட்டைத் தம்பி, நீ போன் போடுப்பா” என்ற பிறகுதான் என் கை சட்டைப் பைக்குள் போனது.

அந்தத் தயக்கத்தை இரக்கமின்மை என்று ஒப்புக்கொள்ள இன்றும் மனம் வரவில்லை. (என்னை நானே காப்பாற்றிக்கொள்ளும் வாதமாகவும் இது இருக்கலாம்.) அமெரிக்க உளவியலாளர்களான பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் சுவர்த்துளை வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே போய்த் தெரிவித்தார்கள். எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு அமர்ந்திருந்தவர்களிலோ 10 விழுக்காட்டினர் மட்டுமே தெரிவித்தார்கள். மற்றவர்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் படிவத்தைத் தொடர்ந்தார்கள். கூட்டத்தில் பதற்றத்தைக் காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு ஒவ்வொருவரும் முகத்தை இயல்பாக வைத்துக்கொள்கிறோம். அந்த முகத்தைப் பார்க்கும் அடுத்தவர், பெரிதாக ஒன்றுமில்லை போலும் என்று எண்ணிக்கொள்கிறார்.

இவர்களை இந்த ஆய்வுகளுக்குத் தூண்டியது, 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டதை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்ற நாளிதழ்ச் செய்தி. அது மிகைப்படுத்தப்பட்டது என்பதும், அண்டை வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி வந்து அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார் என்பதும் பின்னர் தெளிவாயின.

நம் ஊரில் கூச்சத்தோடு போலீஸ் பயமும் சேர்ந்துகொள்கிறது. “கை வைக்காதீங்க, கேஸ் ஆயிடும்” என்று அன்றும் ஒருவர் எச்சரித்தார். உதவ வருவோரைத் துன்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016-இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. இருபது பேரில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான்.

ஆம்புலன்ஸ் வந்து, “கூட யார் வர்றீங்க?” என்று பணியாளர் கேட்டபோது நாங்கள் மறுபடியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அம்மாள் பூக்கூடையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.