வெளி அடுப்பில் மஞ்சள் தீ: மூன்று நாள் அலைந்தேன்

தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. முறுக்கு மாவு அரைத்து வந்தாயிற்று. மலேசியாவின் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டின் பின்பக்கம் வெளி அடுப்பைத் துடைத்து வைத்து, பெரிய குவாலிச் சட்டியில் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால், தீ மஞ்சளாக ஆடுகிறது. நீலமே இல்லை. அரை மணி நேரமாகியும் எண்ணெய் காயவில்லை. குவாலியின் அடியில் கரி அப்பியதுதான் மிச்சம். போன தீபாவளிக்குப் பிறகு அந்த அடுப்பை நாங்கள் தொடவே இல்லை.

கேஸ் கடைக்குப் போன் செய்தேன். "தோம்பு முடியப் போகுதுக்கா, அதான்" என்றார் எடுத்தவர். அந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் இருந்தது. இருந்தாலும் அவர் பேச்சை நம்பி மாற்றினேன். 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 சென், கொண்டுவரும் கூலி தனி. பழைய தோம்பில் இருந்த கேஸும் அவர்களோடு போய்விட்டது. தீ அதே மஞ்சள்.

மறுநாள் ஹார்ட்வேர் கடை. என்ன அடுப்பு என்றுகூடக் கேட்காமல், ரெகுலேட்டர் போயிருக்கும் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். மாட்டியதும் தீ இன்னும் சுருங்கிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அது வீட்டுக்குள் வைக்கும் சாதாரண அடுப்புக்கானது. எங்களுடையதற்கு ஹை பிரஷர் ரெகுலேட்டர் வேண்டும். திருப்பிக் கொடுக்கப் போனால், பெட்டியைப் பிரித்தாயிற்று, வாங்க முடியாது என்றார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வாங்கப் போகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஹை பிரஷர் ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மட்டும் மாட்டிவிடாதீர்கள், ஆபத்து.

மூன்றாம் நாள், கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கும் என் மாமா வந்தார். தீயைப் பார்த்ததுமே, "கேஸ் குறைச்சல் இல்லம்மா, காத்து குறைச்சல்" என்றார். கேஸோடு காற்று சரியாகக் கலந்தால்தான் நீலத் தீ. அந்தக் காற்று பர்னருக்குப் போகும் குழாயின் வாய் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. தோம்பை மூடி, ரெகுலேட்டரை எடுத்து, அடுப்பு ஆறியதும் குழாயைக் கழற்றினோம். டார்ச் அடித்தால் உள்ளே மண். குளவி கூடு கட்டியிருந்தது! குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று பாட்டி அதைக் கலைக்க விடமாட்டார். இந்த இடத்தில் அப்படி விட முடியாது.

மாமாவின் முகமே மாறிவிட்டது. குழாய் அடைத்திருந்தால் கேஸ் பின்னால் திரும்பி, ஹோஸ் பக்கமே தீப்பிடிக்கலாம். அதைத்தான் நான் இரண்டு நாள் எரியவிட்டுப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்க. நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

புட்டி கழுவும் பிரஷ்ஷை விட்டு மண்ணை எல்லாம் எடுத்தோம். கேஸ் வரும் சின்னப் பித்தளை ஜெட்டை ஊசியால் குத்தப் போனேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார். ஓட்டை பெரிதானால் கேஸ் கூடி மறுபடி மஞ்சள் தீதானாம். சோப்புப் போட்ட சுடுநீரில் ஊறவைத்து, ஊதி, நன்றாகக் காயவைத்தோம்.

திரும்ப மாட்டியதும் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினோம். ஹோஸ் முனையில் குமிழி வந்தது. கிளிப்பை இறுக்கியதும் நின்றது. தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பற்றவைத்து, குழாயின் வாயில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார் மாமா. மஞ்சள் நுனி குறைந்து குறைந்து, உஸ்ஸென்று நீலமாக நின்றது. ரொம்பத் திறந்தால் தீ பர்னரை விட்டு எழும்பும். அங்கேயே கொஞ்சம் மூடிவிட வேண்டும். பத்தே நிமிடத்தில் எண்ணெய் காய்ந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முறுக்கு சுட்ட அன்று இரண்டு மணி நேரத்தில் தீ மறுபடி இறங்கியது. தோம்பைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருந்தது. வேகமாகக் கேஸ் இழுத்தால் தோம்பு குளிர்ந்து அழுத்தம் குறையும் என்று மாமா முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அணைத்துவிட்டுக் காத்திருந்தோம், அது தானாகச் சரியானது.

இப்போது அடுப்பைக் கழுவித் துடைத்து, குழாயின் வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறேன். பற்றவைக்கும் முன் அவிழ்க்க வேண்டும் என்று அடுப்பின் மேலேயே எழுதி ஒட்டியாயிற்று.