வெள்ளிக்கிழமை மதியத்தில் கூடிய பாடசாலை

லண்டனின் வடமேற்கில் உள்ள ஒரு யூத ஆரம்பப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். என்னைப் போல யூதர் அல்லாத ஆசிரியர்கள் அங்கே பலர் இருக்கிறோம். கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம் எல்லாம் 'ஹோல்', அதாவது பொதுப் பாடங்கள். தோரா என்ற யூத வேதம், எபிரேயம், வழிபாடு எல்லாம் 'கோதெஷ்', அதாவது சமயப் பாடங்கள். நான் ஹோல் பக்கம். கொரோனா லொக்டவுனில் அந்தப் பாடசாலை தன் குடும்பங்களை எப்படிச் சேர்த்து வைத்திருந்தது என்பதைத் தமிழ் நண்பர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

2020 மார்ச் 18, புதன்கிழமை மாலை அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமையோடு பாடசாலைகள் மூடப்படும். அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளும் பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளும் மட்டும் வரலாம். அதே வாரத்தில் தொழுகைக்கூடங்களும் மூடப்பட்டன. 1870இல் தொடங்கிய யுனைட்டெட் சினகோக் என்ற யூத அமைப்பின் கூடங்கள்கூடக் கதவடைத்தன. எங்கள் குடும்பங்களுக்கு வாரம் முழுவதும் பாடசாலை, சனிக்கிழமை தொழுகைக்கூடம். பிள்ளைகளின் நட்பு, பெற்றோரின் உறவு, தாத்தா பாட்டிமாரின் பொழுது எல்லாமே இந்த இரண்டு இடங்களில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் போயின. பூரிம் பண்டிகைக்குப் பிள்ளைகள் வேடம் போட்டு வந்து, உணவுப் பொதிகளை வீடு வீடாகக் கொடுத்துத் திரிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பெசாக், அதாவது பாஸ்கா, மூன்று வாரத்துக்குள் வர இருந்தது.

இணையவழி வகுப்புகள் எல்லாப் பாடசாலைகளிலும் நடந்ததைப் போலவே எங்களிடமும் நடந்தன. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாடம் நடந்தது; ஆனால் பாடசாலை ஒன்றாக இருந்தது அதனால் இல்லை என்பதுதான் என் உறுதியான எண்ணம். ஒன்றாக இருந்ததற்குக் காரணம் தொலைபேசி, வெள்ளிக்கிழமை, நடை, கடிதம்.

முதலில் தொலைபேசி. எல்லாக் குடும்பங்களையும் ஆசிரியர்களுக்கும் அலுவலகத்தாருக்கும் உதவி ஆசிரியைகளுக்கும் பங்கு போட்டார் எங்கள் தலைமை ஆசிரியை. வாரத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு வீட்டோடும் கதைக்க வேண்டும், செய்தி அனுப்பினால் போதாது என்பது அவருடைய கண்டிப்பு. கதைத்தபோதுதான் உண்மை நிலைமை தெரிந்தது. நான்கு பிள்ளைகளுக்கு ஒரே மடிக்கணினி. தாய் மருத்துவமனையில் தாதி, இரவு வேலை. தந்தையின் கடை மூடப்பட்டுவிட்டது. இலவச மதிய உணவுக்குத் தகுதியான பிள்ளைகளுக்கு வாரம் 15 பவுண்டு வவுச்சர் வந்தது, ஆனால் அது பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில்தான் செல்லும். யூத உணவு விதிப்படி விற்கும் கோஷர் இறைச்சிக் கடையில் செல்லாது. பெற்றோர் சங்கத்தார் அந்த வவுச்சரை வாங்கிக்கொண்டு, அதே பெறுமதிக்குக் கோஷர் கடையில் சாமான் வாங்கிக் கொடுத்தார்கள். யார் கொடுத்தார்கள், யார் பெற்றார்கள் என்பது அலுவலகத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியும். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பது மேலான தானம் என்பது அவர்கள் மரபில் 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் காலத்திலிருந்து வருகிற எண்ணம். அதை ஒரு பாடசாலை அலுவலகம் அத்தனை கவனமாகச் செய்ததைக் கண்டு எனக்கு மிகுந்த மதிப்பு உண்டானது.

மத நெறி காரணமாக வீட்டில் இணையமே வைத்திராத குடும்பங்களும் சில இருந்தன. லண்டனின் கடும் வைதீகச் சமூகத்தில் இது பரவலான வழக்கம். அங்கே பாடசாலைகள் முழுக்க முழுக்கத் தொலைபேசியிலேயே பாடம் நடத்தின. அதே முறையை எங்கள் கோதெஷ் ஆசிரியர் எடுத்துக்கொண்டார். ஒரு கூட்டு அழைப்பு எண், காலை ஒரு குறித்த நேரம். பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு கேட்பார்கள். அவர் ஒரு வசனம் வாசிப்பார், பெயர் சொல்லி ஒருவரை அழைப்பார், அந்தப் பிள்ளை அடுத்த வசனத்தைத் தொடரும். நானும் அதே எண்ணில் மனக்கணக்கு நடத்தினேன். முகம் தெரியாததால் பிள்ளைகள் குரலைக் கூர்ந்து கேட்டார்கள். ஒருவருக்கு விடை வராவிட்டால் மற்றவர்கள் பொறுத்திருந்தார்கள். சூம் வகுப்பில் இல்லாத அமைதி அங்கே இருந்தது.

இனி வெள்ளிக்கிழமை. சாதாரண காலத்தில் ஒவ்வொரு வெள்ளியும் சிறு வகுப்புகளில், வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான ஷபாத்துக்கு வரவேற்பு நடக்கும். ஒரு பிள்ளை அன்றைய தாய், ஒரு பிள்ளை அன்றைய தந்தை. மேசையில் இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணம் திராட்சைச் சாறு, துணியால் மூடிய இரண்டு ஹல்லா ரொட்டி. இதை முழுப் பாடசாலைக்குமாகச் சூமில் வைப்பது என்று முடிவானது. எல்லாரும் சேர்ந்து பாடினால் இணையத் தாமதத்தில் பாட்டு சிதறிப்போகும். ஆகவே ஒரு வீட்டின் ஒலி மட்டும் திறந்திருக்கும், அந்தக் குடும்பம் பாட மற்ற வீடுகள் தங்கள் தங்கள் வரவேற்பறையில் சேர்ந்து பாடும். வாராவாரம் வேறொரு வீட்டின் முறை. வியாழனன்று ஹல்லா செய்முறை அனுப்பினோம். அந்த வசந்தத்தில் கடைகளில் மாவும் ஈஸ்டும் கிடைப்பதே அரிது. கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களின் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். வெள்ளி மதியம் பின்னிய ரொட்டியைத் தூக்கிக் கமெராவுக்கு முன்னால் பிடிக்காத பிள்ளையே இல்லை.

தாத்தா பாட்டிமார் வந்தது யாரும் திட்டமிட்டதல்ல. பிள்ளைகளே இணைப்பை அனுப்பிவிட்டார்கள். வடமேற்கு லண்டனின் ஹெண்டனிலும் கோல்டர்ஸ் கிரீனிலும் தனியாகப் பூட்டிக்கொண்டிருந்த முதியவர்கள் ஒவ்வொருவராகத் திரையில் தோன்றத் தொடங்கினார்கள். ஆனால் அந்த நாட்களில் முன்பின் தெரியாதவர்கள் சூம் கூட்டங்களுக்குள் புகுந்து யூத வெறுப்பைக் கக்குவதும் நடந்துகொண்டிருந்தது. கடவுச்சொல் வைத்தோம், காத்திருப்பு அறை வைத்தோம். அந்த அறையிலிருந்து ஒவ்வொருவராக உள்ளே விடும் பொறுப்பு எங்கள் அலுவலகச் செயலாளரிடம். அவருக்கு எல்லாப் பாட்டிமாரையும் தெரியும். பெயர் சரியில்லாமல் 'ஐபேட்' என்று மட்டும் வந்தால், "ஒலியைத் திறந்து பேரப்பிள்ளை பெயரைச் சொல்லுங்கள்" என்பார். பாதுகாப்பும் வரவேற்பும் ஒரே ஆளிடம் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்தக் கூட்டம் முடிந்தால் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பாக வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றப்படும். அதன்பின் சுமார் 25 மணி நேரம் தொலைபேசி இல்லை, கணினி இல்லை, கார் இல்லை. உலகம் முழுவதும் திரையைப் பிடித்துக்கொண்டு உயிர்வாழ்ந்த நேரத்தில், எங்கள் குடும்பங்கள் வாரத்தில் ஒரு நாள் அதையும் மூடின. தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அது நீண்ட நாள். இதற்கு வழி கண்டது நடைதான். உடற்பயிற்சிக்காக நாளுக்கு ஒருமுறை வெளியே போக அனுமதி இருந்தது. நானும் இன்னோர் ஆசிரியையும் எங்கள் குடும்பங்களின் முகவரிகளைத் தெரு வாரியாகப் பிரித்து, யார் வீட்டிலிருந்து எந்த முதியவர் வீட்டுக்கு நடந்து போகலாம் என்று ஒரு பட்டியல் போட்டோம். சனி பிற்பகல் அந்தக் குடும்பம் தன் நடையை அந்தத் தெரு வழியாக வைத்துக்கொள்ளும். படலைக்கு வெளியே நின்று, சன்னலில் தெரிபவருக்கு "ஷபாத் ஷாலோம்" சொல்லிவிட்டுப் போகும். அந்தக் காலத்தில் நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பட்டியல்.

பெசாக் ஏப்ரல் 8, புதன் இரவு தொடங்கியது. முதல் இரவு சேடர் விருந்தில் எகிப்திலிருந்து விடுதலையான கதையைச் சொல்வார்கள். வீட்டின் கடைக்குட்டி எழுந்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது என்று தொடங்கும். இஸ்ரேலில் சில ரபிமார், அதாவது யூத மதகுருமார், அந்த ஆண்டு மட்டும் சூமில் சேடர் நடத்தலாம் என்றார்கள், பலர் மறுத்தார்கள். எங்கள் பாடசாலை பின்பற்றும் நெறியில் அதற்கு இடமில்லை. அப்படியானால் தனியாக இருக்கும் தாத்தாவிடம் யார் கேள்வி கேட்பது? பழைய யூத சட்ட நூலான தல்முத்தில் இதற்கே விடை இருப்பதாக எங்கள் ரபி சொன்னார்: தனியாக இருப்பவர் தன்னைத்தானே கேட்க வேண்டும். அதைக் கேட்ட என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனம் ஆறவில்லை. நான்கு கேள்விகளைத் தங்கள் கையெழுத்தில் எழுதி, கீழே தாத்தாவிடமோ பாட்டியிடமோ தாங்களே ஒரு கேள்வி கேட்டுக் கடிதமாக்கினார்கள். மட்சா என்ற புளிக்காத ரொட்டி, கசப்புக் கீரை, திராட்சைச் சாறு வைத்த பொதிகளோடு அந்தக் கடிதங்களும் தொண்டர்களின் கையில் போயின. பேரப்பிள்ளை அருகில் இல்லாத முதியவர்களுக்கும் ஒரு பிள்ளை எழுதியது. பண்டிகை முடிந்த பிறகு பதில்கள் வந்தன. போர்க்காலத்துக் குழந்தைகளாக லண்டனை விட்டுக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டபோது பெசாக்கை எப்படிக் கழித்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அதையே அடுத்த பருவத்தின் வரலாற்றுப் பாடமாக வைத்தேன்.

பதில் எழுதாமலே போனவர்களும் உண்டு. யூத சமூகத்தில் அந்த வசந்தத்தில் இழப்பு அதிகம். ஜூனில் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் வெளியிட்ட கணக்கில், வயதையும் வாழிடத்தையும் கணக்கில் எடுத்த பின்னரும், யூத ஆண்களின் கோவிட் மரண வீதம் கிறிஸ்தவ ஆண்களைவிடக் கூடுதலாக இருந்தது. எங்கள் பிள்ளைகளில் சிலர் தாத்தாவை இழந்தார்கள். அடக்கத்துக்கு ஓரிருவர்தான் போக முடிந்தது. ஏழு நாள் துக்கமான ஷிவாவில் வீடு நிறைய ஆட்கள் வர வேண்டும், ஒருவரும் வரவில்லை. இறந்தவருக்காகச் சொல்லும் கதிஷுக்குப் பத்துப் பேர் நேரில் கூட வேண்டும்; அதுவும் முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் செத்த வீட்டில் அடுப்பு எரியாது, அயலட்டையில் சமைத்துக் கொண்டுவருவார்கள் என்று வளர்ந்தவள் நான். அவர்களிடமும் முதல் உணவு அயலவர் கொடுப்பதே. அதனால் அந்த வேலையில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. கோஷர் கடையில் வாங்கி, முத்திரை உடைக்காமல் வாசலில் வைத்துவிட்டு, பின்வாங்கி நின்று "நீண்ட ஆயுள் வாழ்த்துகிறேன்" என்றேன். இங்கிலாந்து யூதர்கள் துக்கத்தில் சொல்வது அதுதான்.

பிள்ளைகளுக்குச் செய்யக் கூடியதாக ஒன்றை ரபி கண்டார். இறந்தவர் நினைவாக முப்பது நாளுக்குள் மிஷ்னா என்ற பழைய யூத சட்டத் தொகுப்பைப் பங்கு போட்டுப் படிப்பது ஒரு வழக்கம். மிஷ்னாவில் 63 பகுதிகள். முழுவதும் பெரியவர்களுக்கே பெரிய வேலை. நாங்கள் ஒரு சிறு பகுதியை எடுத்து அதன் அதிகாரங்களை வகுப்புக்குப் பிரித்தோம். முப்பதாம் நாள் மாலை அந்தக் குடும்பத்தின் முன் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாங்கள் படித்ததைச் சூமில் சொன்னார்கள். பேரன் கடைசியாகச் சொன்னான்.

ஜூன் 1 முதல் சில வகுப்புகள் திரும்பின, செப்டம்பரில் எல்லாரும். யூதப் புத்தாண்டுக்கு முந்தைய எலுல் மாதத்தில் காலையில் ஷோஃபார் என்ற ஆட்டுக்கொம்பை ஊதும்போது அதன் வாயில் முகக்கவசம் கட்டி, மைதானத்தில் நின்று ஊதினார்கள். 2021 ஜனவரியில் மறுபடியும் மூடினார்கள். இந்த முறை எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. குளிர்கால வெள்ளிகளில் நான்கு மணிக்கு முன்னரே ஷபாத் தொடங்கிவிடும் என்பதால் கூட்டத்தை மதியம் பன்னிரண்டுக்கு மாற்றினோம், அவ்வளவுதான். மார்ச் 8 திறக்கும் வரை அது தவறாமல் நடந்தது.

என் மகள் படிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையும் அந்த ஆண்டு மூடிக் கிடந்தது. தொலைபேசிப் பங்கீட்டையும் தாத்தா பாட்டி ஏற்பாட்டையும் அங்கே கொண்டுபோனேன். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி என்று வைத்தோம்: யாழ்ப்பாணத்தில் மாலை ஆறரை, டொரொன்டோவில் காலை ஒன்பது. முதல் வாரமே பிள்ளைகளைவிட அம்மம்மாக்கள்தான் அதிகம் வந்தார்கள். அந்தக் கூட்டம் இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. உள்ளே விடும் பொறுப்பு என் அம்மாவிடம்.