மைக்கைப் பொத்திப் பிடிப்பவர்கள்

ராக் இசையின் முரட்டு வகையான மெட்டல் இசைவிழாக்களில் கூட்டத்தின் நட்டநடுவே, மேடையைப் பார்த்தபடி, இரும்பு வேலி போட்ட ஒரு கூடாரம் இருக்கும். மேடையின் ஒலிகளையெல்லாம் கலந்து கூட்டத்துக்கு அனுப்பும் சவுண்ட் டெஸ்க் அதற்குள்தான். 14 வருடமாக என் வேலை அங்கே. ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏற 20 நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் ரசிகர்கள் வேலியில் சாய்ந்துகொண்டு வாக்குவாதம் செய்வார்கள். இரண்டடி தள்ளி ஒருவன் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

வாக்குவாதம் அநேகமாக ஒன்றேதான். இந்த வருட லைன்அப்பில், அதாவது வரும் குழுக்களின் பட்டியலில், ஹார்ஷ் அதிகமா, கிளீன் அதிகமா? அடித்தொண்டையில் உறுமுவதும் (க்ரௌல்), காற்றைக் கிழித்துக் கிறீச்சிடுவதும் ஹார்ஷ். சுருதியோடு பாடுவது கிளீன். ஒருவர், மதியத்திலிருந்து ஒரே உறுமல், ஒரு ஆளாவது வாயைத் திறந்து பாடினானா என்பார். பாட்டுக் கேட்கத்தான் வந்தாய் என்றால் மெட்டல் விழாவுக்கு ஏன் வந்தாய் என்று மற்றவர் திருப்பிக் கேட்பார். இருவரும் நண்பர்களாகத்தான் இருப்பார்கள். ஒரே டி-ஷர்ட்கூடப் போட்டிருப்பார்கள்.

நான் ரொம்ப காலம் கிளீன் கட்சி. ராப் ஹால்ஃபோர்ட், ரானி ஜேம்ஸ் டியோ, ப்ரூஸ் டிக்கின்சன் என்று சுருதியோடு பாடும் மெட்டல் பாடகர்களைக் கேட்டு வளர்ந்த காது எனக்கு. உறுமும் குழுக்களுக்கும் வேலை செய்தேன், சம்பளம் வாங்கினேன். ஆனால் மனதுக்குள் அது குரல் இல்லை, டிரம்ஸ் பக்கத்தில் இன்னொரு சத்தம், அவ்வளவுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் என்ன, கை சொல்லிவிடும்.

அப்படிச் சொன்னது ஒரு மதியம், ஒரு விழாவின் இரண்டாவது மேடையில். பெரிய குழுக்கள் தங்கள் சவுண்ட் இன்ஜினியரைக் கூடவே கூட்டி வருவார்கள். சின்னக் குழுக்களுக்கு விழாக்காரர்கள் வைத்திருக்கும் ஆள்தான் கதி. அன்று அந்த ஆள் நான். விழாக்களில் முழு சவுண்ட் செக்குக்கு நேரம் கிடைக்காது. ஒவ்வொரு மைக்கிலும் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்போம், அதற்கு லைன் செக் என்று பெயர். ஒரு மணி நேரம் முன்பு சுருதியோடு உச்சத்தில் பாடும் ஒரு பவர் மெட்டல் பாடகருக்காக அமைத்து வைத்திருந்த குரல் சேனல் அப்படியே இருந்தது. கீழ் அலைவரிசைகளை வெட்டும் லோ கட் 180 ஹெர்ட்ஸில், 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நல்ல ஏற்றம், மேலே கோயில் மண்டபத்து எதிரொலி மாதிரி நீண்ட ரிவெர்ப். வருவது டெத் மெட்டல் குழு என்று தெரியும். உறுமல்தானே, இதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

முதல் பாட்டிலேயே குரல் காணாமல் போனது. உறுமலுக்கு உடம்பு கொடுப்பது கீழ் அலைவரிசைகள். அதை லோ கட் அறுத்துவிட்டது. மிச்சம் இருந்ததை ரிவெர்ப் குழப்பிவிட்டது. டிஸ்டார்ஷன் போட்ட கிதார்கள் வேறு, வார்த்தை தெளிவாகக் கேட்க வேண்டிய அதே இடத்தில் சுவர் கட்டி நின்றன. குரலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றினேன். பாடகர் இரண்டு கையாலும் மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்திருந்தார். ஏற்றிய மறு விநாடி, ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பி வந்து ஃபீட்பேக் ஊளையிட்டது. பயந்துபோய் இறக்கினேன். மீதி 40 நிமிடமும் யாரோ ஓரமாக நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருப்பது மாதிரிதான் கேட்டது.

குழு இறங்கியதும் வேலியில் இரண்டு பேர். “இதுக்குத்தான் சொன்னேன். இவங்க எல்லாருக்கும் ஒரே குரல்டா. ஒரு வார்த்தை புரிஞ்சுதா?” என்றார் ஒருவர். ஹார்ஷ் பக்கம் பேசிக்கொண்டிருந்தவர் பதிலே சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்சி அன்று தோற்றுப்போனது என் சோம்பலால். திரும்பி, அந்தக் குரலில் குறையில்லை, கெடுத்தது நான் என்று சொல்லியிருக்கலாம். நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கனைப்பு என்னை ஒரு வருடம் விடவில்லை. அப்புறம்தான் இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தேன். பாடும்போது அதிர்வது குரல்நாண்கள். அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன, பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். உறுமலில் பெரும்பாலும் வேலை செய்வது இவைதான். சைபீரியாவின் தூவா மக்களுடைய தொண்டைப் பாட்டில் கார்கிரா என்ற வகை உண்டு. அதிலும் இதே மடிப்புகள்தான், நிஜக் குரல்நாண் இரண்டு முறை அதிர இவை ஒரு முறை அதிரும், சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். (தமிழில் கள்ளத்தொண்டை என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அது உச்சஸ்தாயியில் மெல்லிய குரலில் பாடுவதற்கு. கள்ளத்தொண்டையில் பாடுபவர் கிளீன் கட்சி, பொய்க் குரல்நாணில் உறுமுபவர் ஹார்ஷ் கட்சி. பட்டப்பெயரில் இரண்டுமே போலிதான்.)

படித்தது பாதி. மீதியைக் கற்றுக்கொடுத்தது ஒரு பெண். உள்ளரங்கில் ஒரு சின்ன நிகழ்ச்சி, நிதானமாக சவுண்ட் செக் செய்ய நேரம் இருந்தது. அவருடைய குழுவின் ரெக்கார்டிங்கைக் கேட்டால் சுவர் இடிவது போல இருக்கும். மேடையில் மைக்கை எடுத்து உறுமினார். என் சேனல் அப்போது அணைந்திருந்தது, நான் பக்கத்தில் நின்றிருந்தேன். காதில் விழுந்தது சாதாரணப் பேச்சைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இவ்வளவுதானா என்று கேட்டே விட்டேன்.

“கத்தினா நாலு நாள்ல தொண்டை போயிடும் சார். நான் கத்தலை, காத்தை அளந்து விடுறேன். என்னைப் பெரிசாக்க வேண்டியது நீங்கதான்” என்றார்.

இத்தனை வருடம் நான் கத்தலை அடக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரால் நசுக்கு, ஃபேடரைக் கீழே வை, கிதாரோடு சேர்த்துவிடு. இவர் சொல்வதோ நேர் எதிர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய சின்ன ஒலியாம் அது. அன்று லோ கட்டைக் கீழே இறக்கினேன், ரிவெர்பை மொத்தமாக எடுத்தேன், மெய்யெழுத்துகள் உட்காரும் இடத்தில் கிதாரைக் கொஞ்சம் குடைந்து வழி விட்டேன். ட, க, ப எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. உறுமலில் உயிரெழுத்துகள் பெரும்பாலும் கரைந்துவிடும். வார்த்தையைத் தாங்குவது மெய்கள்தான். ஒரே குரல் என்று நான் நினைத்தவர்களிடம் எத்தனை வித்தியாசம்! கன்னிபல் கார்ப்ஸின் ஜார்ஜ் ஃபிஷர் எழுத்துகளை இயந்திரத் துப்பாக்கி மாதிரி உதிர்ப்பார். அமான் அமார்த்தின் யோஹான் ஹெக் ஒவ்வொரு சொல்லையும் கல்லில் செதுக்கி நிறுத்துவார்.

மைக்கைப் பொத்துவது தனிக் கதை. மேடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஷூர் எஸ்எம்58 மைக் 1966இலிருந்து இருக்கிறது. முன்னால் வரும் ஒலியை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதைத் தள்ளும் வகை அது. தள்ளுவதற்கு அதன் தலைக்குள்ளே பின்பக்கம் திறப்புகள் உண்டு. கையால் மூடினால் அந்தத் திறமை போய்விடும். டிரம்ஸ், பாடகருக்கே அவர் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் என்று எல்லாத் திசைச் சத்தமும் உள்ளே வரும், ஃபீட்பேக் வரும், நடு அலைவரிசை முட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் முதலில் திட்டுவது இதைத்தான். பொத்தாதீர்கள் என்று பாடகர்களிடம் கெஞ்சுவேன். சிலர் கேட்பார்கள், இரண்டாவது பாட்டில் கை தானாக மேலே போய்விடும்.

கிளீன் கட்சிக்காரர்களுக்கும் ஒரு செய்தி. உறுமலில் சுருதி அரை இஞ்ச் விலகினால் ஒருவருக்கும் தெரியாது. கிளீனில் மானிட்டர் சரியாகக் கேட்கவில்லை என்றால் குரல் அம்மணமாக நிற்கும், பத்தாயிரம் பேருக்கும் தெரியும். அதனால் சில குழுக்களின் கிளீன் கோரஸ் மேடையிலிருந்து வருவதில்லை, லேப்டாப்பிலிருந்து வருகிறது. யார் யார் என்று சொன்னால் எனக்கு அடுத்த வருடம் வேலை இருக்காது. உறுமலுக்குத் திறமை வேண்டாம் என்று வேலியில் ஒருவர் முழங்கிக்கொண்டிருக்க, அவர் மனமுருகிக் கேட்ட கோரஸின் ஃபேடர் என் விரலுக்கடியில் ‘ட்ராக்’ என்ற பெயரோடு இருந்திருக்கிறது.

இரண்டையும் ஒரே தொண்டையில் செய்பவர்கள்தான் எனக்கு உண்மையான சவால். ஃபியர் ஃபாக்டரி குழுவின் பர்ட்டன் பெல் 1992இல் முதல் ஆல்பத்திலேயே இரண்டையும் ஒரே பாட்டுக்குள் வைத்தார். இன்று ஜின்ஜர் குழுவின் தத்தியானா ஷ்மெய்லியூக் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ஆள் மாறுகிறார். இப்படிப்பட்டவர்கள் வந்தால் ஒரே மைக்கை டெஸ்க்கில் இரண்டு சேனலாகப் பிரித்து, இது உறுமலுக்கு, இது பாட்டுக்கு என்று தனித்தனியாக அமைத்துக்கொள்வேன். பாட்டு முழுதும் கண் அவர்கள் வாயில்தான் இருக்கும். ஒரு வரி முன்னால் மாற்றினால் உறுமல் மெலிந்துவிடும், ஒரு வரி பின்னால் மாற்றினால் கிளீன் குரல் இருமுவது மாதிரி விழும்.

இந்தச் சண்டைக்கு வயதும் ஆயிற்று. பொசெஸ்டு என்ற குழு 1985இல், டெத் என்ற குழு 1987இல் முதல் ஆல்பம் போட்டபோதே, இது பாட்டா என்று கேட்டவர்கள் உண்டு. பிற்பாடு கேள்வி தலைகீழானது: உறுமியவர் பாட ஆரம்பித்தால் துரோகி. பாரடைஸ் லாஸ்ட்டின் நிக் ஹோம்ஸ் 1990களில் உறுமலை விட்டார், 2015 ஆல்பத்தில் திரும்ப எடுத்தார். ஓபெத்தின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் 2008க்குப் பிறகு ஆல்பங்களில் உறுமவில்லை, மறுபடி உறுமியது 2024இல். பதினாறு வருடம்! நான் வேலைக்கு வந்ததிலிருந்து ஓபெத் பெயர் எந்த லைன்அப்பில் வந்தாலும் வேலியோரம் ஒருவராவது, அடுத்த ஆல்பத்திலாவது உறுமுவானா என்று கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

ராத்திரி நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் ஏற்பாட்டாளர்களின் கணக்கு எளிது. கடைசி வரிசைக்காரனும் சேர்ந்து பாட வேண்டும், அதற்கு கிளீன் கோரஸ் வசதி. முழுக்க அப்படியும் இல்லை. 2017இல் இங்கிலாந்தின் பிளட்ஸ்டாக் விழாவின் ஹெட்லைனர்களில், அதாவது ராத்திரி நேரம் பெற்ற முதன்மைக் குழுக்களில், ஒன்று உறுமும் அமான் அமார்த். அவர்களுடைய நிகழ்ச்சிகளில் கூட்டம் தரையில் வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடும். சேர்ந்து பாட முடியவில்லை என்றால் சேர்ந்து படகு ஓட்டுகிறார்கள், சரிதானே? 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஃபிரெஞ்சு மெட்டல் குழு கொஜிராவின் ஜோ டூப்லான்டியே ஆக்ரோஷமாகக் கத்த, ஓபரா பாடகி மரினா வியோட்டி கூடவே பாடினார். அதைக் கலந்து கொடுத்த இன்ஜினியரை நினைத்து எனக்கு வயிற்றெரிச்சல்.

ஃபிரான்சின் ஹெல்ஃபெஸ்ட் விழாவில் டெத் மெட்டலுக்கு ஆல்டர், பிளாக் மெட்டலுக்கு டெம்பிள் என்று மேடைகளையே பிரித்துவிட்டார்கள். சண்டை குறையும்தான். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, காரணம் காது. ஃபிரான்சில் 15 நிமிடச் சராசரி 102 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஜெர்மனியின் தர அளவில் அரை மணி நேரச் சராசரி 99. இந்த எல்லைக்குள் இருந்தாலும் சில மணி நேரத்தில் காது களைத்துவிடும். முதலில் மங்குவது 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம். மெய்யெழுத்துகள் வருவதும் அந்தப் பக்கம்தான். நான்காவது உறுமல் குழு வரும்போது பாவம், அவர்களுக்கு மெய்யே மிச்சம் இருக்காது. மதியத்திலிருந்து எல்லாம் ஒரே மாதிரி என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் காது அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது.

போன வருடம் ஒரு விழாவில் ஒரு டெத் மெட்டல் குழு. சொந்த ஆள் இல்லை, மறுபடி நான்தான். இந்த முறை எல்லாம் தயாராக இருந்தது. அவரும் மைக்கைப் பொத்தினார், அந்தப் பொத்தலுக்கென்றே அலைவரிசைகளைக் கூட்டிக் குறைத்து ஒரு ஈக்யூ செய்து வைத்திருந்தேன். வரிக்கு வரி வார்த்தை கேட்டது. முடிந்ததும் வேலியில் ஒருவர், “எனக்கு க்ரௌல் ஆகவே ஆகாது. ஆனா இந்த ஆள் பரவாயில்லடா, என்ன சொல்றான்னு புரியுது” என்றார். அந்தப் பழைய மதியத்துக் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன்.

அரை மணி நேரத்தில் அந்தப் பாடகர் தண்ணீர் பாட்டிலோடு கூடாரத்துக்குள் வந்தார். கை கொடுத்தார். யாரோ செல்போனில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

“நல்லா பண்ணீங்க. ஆனா என் குரலை ஏன் இப்படித் துடைச்சு வெச்சுட்டீங்க? வார்த்தையெல்லாம் கேக்குது.”

கேட்க வேண்டாமா என்றேன்.

“சேத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கணும். அதுக்குத்தானே மைக்கைப் பொத்துறேன்?”

எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டினார். “பரவாயில்ல விடுங்க. நாளைக்கு அடுத்த ஊர்ல வேற ஆள் இருப்பார். அவர் கெடுத்துடுவார், சரியா வந்துடும்.”